உள்ளங்கை ஆய்வு அறிக்கை

இலங்கையின் முதல் கனிம ஆய்வுக் குழு கடல் வழியாக வந்தது. ஆள்பலம் எழுநூறு. தலைவர் விஜயன். முன்அனுபவம்: சொந்த ஊரில் அட்டகாசம் பண்ணியது. தகப்பன் சிங்கபாகு பொறுத்துப் பார்த்து, முடியாமல் போகவே, மகனுக்கும் கூட்டாளிகளுக்கும் பாதித் தலையை மழித்துக் கப்பலேற்றிவிட்டான் என்கிறது மகாவம்சம். ஒரு நாட்டின் நிலத்தடிச் செல்வத்தை மதிப்பிட ஆள் எடுப்பதற்கு இதைவிட மோசமான முறைகள் பிற்காலத்தில் கையாளப்பட்டிருக்கின்றன. ஆகவே அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

கடலில் அலைக்கழிந்து வந்தவர்கள் கரையில் இறங்கிக் களைப்போடு கையை ஊன்றி உட்கார்ந்தார்கள். எழுந்து பார்த்தால் உள்ளங்கையெல்லாம் செம்பு நிறம். சுத்தியல் இல்லை, மாதிரி அள்ளப் பை இல்லை, ஆய்வுகூடம் இல்லை. கையைத் திருப்பிப் பார்த்தார்கள், முடிவுக்கு வந்தார்கள். அந்த இடத்துக்கும் பின்னர் முழுத் தீவுக்குமே தாமிரத்தின் பெயர் விழுந்துவிட்டது. அறிக்கை எழுத்தில் வர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிடித்தது. மகாவம்சம் எழுதப்பட்டது கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டுவாக்கில்தான். அரச திணைக்களங்களோடு பழகியவர்களுக்கு இது ஒரு தாமதமாகவே படாது.

கரை தட்டிய இடம் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் இழுபறி. அருவி ஆற்று முகத்துவாரம் என்பார் ஒருவர், குதிரைமலை என்பார் மற்றவர். புத்தளம் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் நான் குதிரைமலைக் கட்சி. எங்கள் ஊரான எத்தாளையிலிருந்து வடக்கே போய், கற்பிட்டி முனையையும் போர்த்துக்கல் குடாவையும் தாண்டினால் வில்பத்துக் காட்டோரமாக அந்த மேடு வரும். செம்மண் கடலுக்குள் செங்குத்தாக இறங்கும். அங்கே கையை ஊன்றினால் எனக்கும் சிவக்கும், உங்களுக்கும் சிவக்கும். அதற்கு அரச குலத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

சிவப்புக்குக் காரணம் இரும்பு. மணற்பருக்கை ஒவ்வொன்றின் மேலும் இரும்பு ஒட்சைட்டு மெல்லிய தோலாக ஏறியிருக்கிறது. அதை உருக்கி ஓர் ஆணி செய்ய நினைத்தால்கூட விறகுச் செலவு கட்டாது. செம்புக்கோ அந்தச் சிவப்பில் பங்கே கிடையாது. செம்புத் தாது தலைகாட்டும் இடத்தில் கல் பச்சையாகவும் நீலமாகவும் களிம்பேறி நிற்கும். புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்புக் குடத்தை வாழ்நாளில் ஒருமுறை பார்த்திருந்தால் போதும், இது தெரிந்திருக்கும். ஆனால் எழுநூறு இளவட்டங்களில் ஒருவனாவது வீட்டில் குடம் தேய்த்தவனாக இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

கப்பல் இன்னும் சற்றுத் தெற்கே தள்ளி எத்தாளையில் ஒதுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கே மணல் சாம்பல் கலந்த வெள்ளை. நாட்டுக்கு வெள்ளியின் பெயரை வைத்துவிட்டு, அந்த நம்பிக்கையிலேயே ஒரு வம்சத்தைத் தொடங்கியிருப்பார்கள்.

இதில் வேடிக்கை, உலோகத்தைப் பற்றி விசாரிக்க அக்கம்பக்கத்திலேயே ஆள் இருந்தது. குதிரைமலைக்குத் தெற்கே பொம்பரிப்பில் முதுமக்கள் தாழிகளைப் புதைத்த ஒரு சமூகம் வாழ்ந்திருக்கிறது. 1950களிலும் 1970இலும் தோண்டிப் பார்த்தபோது எலும்போடு கறுப்பு-சிவப்பு மட்பாண்டமும் மணிகளும் உலோகப் பொருள்களும் கிடைத்தன. திருநெல்வேலிப் பக்கத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கு இவை தாயாதி முறை. அநுராதபுரத்திலோ விஜயன் வந்ததாகச் சொல்லும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியே இரும்பு புழங்கியிருக்கிறது. ஆக, வந்தவன்தான் கையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இருந்தவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஜயன் இங்கே முதலில் கைப்பிடித்த இயக்கர் குலப் பெண் குவேனியைக் கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பாள். அவள் விருந்து வைத்த அரிசியும் சாமானும் அவள் விழுங்கிய வணிகர்களின் கப்பல்களிலிருந்து வந்தவை என்று மகாவம்சமே ஒப்புக்கொள்கிறது. இந்தக் கரையில் செல்வம் நிலத்தில் இருந்து வராது, கடலில் இருந்து வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. விஜயனுக்கும் அது மெல்ல விளங்கியிருக்க வேண்டும். பாண்டியன் மகளைக் கேட்டு மதுரைக்கு ஆள் அனுப்பியபோது சீராகப் போனவை மணியும் முத்தும். செம்பு நாட்டு அரசன் கொடுத்த சீரில் செம்பு இல்லை. அங்கிருந்து பெண்ணோடு பதினெண் வகைத் தொழிலாளர் குடும்பங்கள் ஆயிரம் வந்திறங்கின. தாது இல்லாதவன் கொல்லனை இறக்குமதி செய்தான் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

அடுத்த பெரிய ஆய்வு துட்டகைமுனு காலத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில். போர் முடிந்தது, எல்லாளன் வீழ்ந்தான், மகாதூபி கட்ட வேண்டும், சனங்களின் தலையில் வரி ஏற்றவும் மனமில்லை. மன்னன் கவலைப்பட்டான். இன்றைய நிதி அமைச்சர்களுக்கு வாய்க்காத ஒரு வசதி அவனுக்கு இருந்தது: கவலைப்பட்டால் தேவலோகத்தில் கேட்கும். அங்கிருந்து விசுவகர்மா வந்து செங்கல் செய்து வைத்துவிட்டுப் போனான். செங்கல் இருக்கும் இடத்தை வேடன் ஒருவனுக்குக் காட்டிக்கொடுக்க ஒரு தெய்வம் உடும்பு வடிவில் ஓடியது. உடும்பைத் துரத்திப் போன வேடன் செங்கல்லைப் பார்த்தான், உடும்பு மறைந்தது. கனிம ஆய்வு வரலாற்றில் இவ்வளவு மலிவான களப்பணி வேறெங்கும் பதிவாகவில்லை.

செங்கல்லோடு நிற்கவில்லை. நகருக்கு வடகிழக்கே மூன்று யோசனை தூரத்தில் பொன் கட்டி கட்டியாகத் தோன்றியது. பெரியது ஒரு சாண், சிறியது ஒரு விரல். கிழக்கே ஏழு யோசனை, ஆற்றுக்கு அப்பால், செம்பு. தெற்கே எட்டு யோசனை, குகைக்குள் வெள்ளி. மலைநாட்டுக்கு இஞ்சி வாங்க வண்டி கட்டிப் போன வணிகன் ஒருவன் வழியில் பலாப்பழத்தைக் கண்டு ஒதுங்கியதில் அகப்பட்டது. மேற்கே ஐந்து யோசனை, உருவேலப் பட்டினத்தில், நெல்லிக்காய் பருமனில் முத்து, ஆறு வண்டி நிறைய, பவளமும் கலந்து, தானாகவே தரையேறி வந்தது. திசை இருக்கிறது, தூரம் இருக்கிறது, கட்டியின் அளவும் இருக்கிறது. பங்குச் சந்தைக்குக் கம்பனிகள் அனுப்பும் அறிக்கையில் இருக்கவேண்டிய அத்தனையும் இதில் உண்டு. சந்தேகம் ஒன்றுதான் இல்லை. அதுவும் பங்குச் சந்தை வழக்கம்தான்.

சிரித்து முடிந்ததா? இப்போது 1971க்கு வாருங்கள். அந்த ஆண்டு புவிச்சரிதவியல் திணைக்களம் திருகோணமலை மாவட்டத்தில் செருவிலப் பக்கமாகச் செம்பும் காந்த இரும்பும் சேர்ந்த படிவொன்றைக் கண்டுபிடித்தது. தீவில் இதுவரை தெரிந்த செம்புப் படிவு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். இருக்கும் இடம், அநுராதபுரத்துக்குக் கிழக்கே, மகாவலி கங்கைப் பக்கம். மகாவம்சத்தின் செம்பையும் செருவிலச் செம்பையும் இணைத்துப் பார்க்கும் தொல்லியலாளர் உண்டு. உடும்பையும் தேவர்களையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது யாரோ ஒரு கொல்லனின் நல்ல ஞாபகம். பிக்குமார் அதைப் புராணமாக்கி வைத்தார்கள், திணைக்களம் பதினைந்து நூற்றாண்டு கழித்து அதைக் கோப்பாக்கி வைத்தது. கோப்பான பிறகு அங்கே நடந்தவற்றில் பெரும்பகுதி கூட்டங்கள்.

மேற்குக் கரைக்கு, அதாவது எங்களுக்கு, அந்தப் பட்டியலில் விழுந்தது முத்து. உருவேலப் பட்டினத்தை இந்தக் கரையோரமாகவே தேடுகிறார்கள். உலோகம் வேறு திசைகளுக்குப் போய்விட்டது என்பதை மகாவம்சமே பக்குவமாகச் சொல்லிவிட்டது. எங்களவர்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளிநாட்டு நிபுணர்களின் அறிக்கைகள் தனி ரகம். அவர்களுடைய முக்கியமான தகுதி, இங்கே வராதது. பாடலிபுத்திரத்தில் இருந்துகொண்டே கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், இந்தியாவைவிட இங்கே பொன்னும் பெருமுத்தும் அதிகம் என்றார். உரோம எழுத்தாளர் பிளினி அதை எடுத்து எழுதினார். பிளினி சொல்லும் ஆள்களில் ஒருவன் மட்டும் உண்மையாகவே வந்து சேர்ந்தவன்: அன்னியுஸ் பிளொகாமுஸ் என்ற செங்கடல் வரிக் குத்தகைக்காரனிடம் அடிமையாயிருந்து விடுதலையானவன். அரபுக் கரையோரம் போன கப்பலைக் காற்று அடித்துக்கொண்டுவந்து இப்புரோஸ் துறைமுகத்தில் போட்டது. அது குதிரைமலைதான் என்பது பலர் கருத்து, எங்கள் கட்சியின் கருத்தும். அரசன் அவனை ஆறு மாதம் வைத்து விருந்து போட்டான். அவனிடமிருந்த உரோம வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு தலைகள் பொறித்திருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருந்ததைக் கண்டு அதிசயித்தான். கவனியுங்கள்: பொன்னும் வெள்ளியும் கொழிக்கும் தேசத்தின் அரசன், வந்தவன் மடியில் இருந்த காசை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்றைய தேதியில் குதிரைமலையில் கையிருப்பிலிருந்த ஒரே வெள்ளிப் படிவு அந்த மடியில்தான் இருந்ததோ என்னவோ.

தொலெமி இன்னும் தாராளம். இந்தத் தீவைப் படத்தில் பல மடங்கு பெரிதாக வரைந்தார். இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அரிசி, தேன், இஞ்சி, மணிகள், பொன், வெள்ளி, மற்ற எல்லா உலோகமும் என்று நிரப்பினார். யானையும் புலியும் உண்டு என்றும் எழுதினார். இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது, சிறுத்தைதான். (விலங்கைப் பற்றித்தான் சொல்கிறேன்.) புலியில் பிழைவிட்டவரைப் பொன்னில் நம்பியவர்கள் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக இருந்தார்கள்.

1344இல் அரபுப் பயணி இபின் பதூதா புத்தளத்தில் இறங்கினார். ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னே முத்துக் குவிந்திருந்ததையும், உள்ளங்கை அகலத்தில் மாணிக்கக் கிண்ணம் ஒன்றில் அகில் எண்ணெய் இருந்ததையும், கரை முழுக்கக் கறுவா மரம் ஒதுங்கிக் கிடந்ததையும் எழுதினார். உலோகத்தைக் காணவில்லை, காணாததை எழுதவுமில்லை. இதுவரை வந்தவர்களில் அறிக்கை எழுதத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். போர்த்துக்கீசர் உலோகத்தைத் தேடி நேரத்தை வீணாக்கவில்லை. சனங்களின் பெட்டியில் இருப்பதே சுத்தம் செய்த உலோகம் என்பது அவர்கள் கொள்கை. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கற்பிட்டியில் கோட்டையைக் கட்டிவிட்டு, கண்டிக்குப் போகும் உப்பை யார் கொடுப்பது என்ற கணக்கில் இறங்கினார்கள். உப்பு இங்கே உண்மையாகவே இருந்தது. இருப்பதைத் தேடியவர்கள் லாபம் பார்த்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில்தான் கனிமத்துக்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைத்தார்கள். 1903இல் இலங்கைக் கனிம அளவைக்குப் பொறுப்பாக அமர்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஆம், அவரேதான், சிவ நடனத்தைப் பற்றி எழுதிய அதே ஆள். சேர் முத்து குமாரசுவாமியின் மகன், தாய் ஆங்கிலேயர், கொழும்பில் 1877இல் பிறந்து, இரண்டு வயதுக்குள் தகப்பனை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனில் புவியியலும் தாவரவியலும் படித்தவர். குடியேற்ற அரசாங்கம் அவரை மலையிலும் காட்டிலும் அனுப்பியதன் நோக்கம் தெளிவானது: என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, யார் தோண்டலாம்.

அவர் வேலையைச் செய்யாமலும் இல்லை. 1904இல் பலாங்கொடைப் பக்கம் மணிக்கல் தேடியவர்கள் கையில் கறுப்பாக, கனமாக, சின்னச் சின்னக் கனசதுரங்களாக ஒரு பொருள் அகப்பட்டது. யுரேனியச் சாதி என்று முதலில் நினைத்தார்கள். மாதிரி இலண்டனுக்குப் போனது. புதுக் கனிமம் என்று தெரிந்து தோரியனைட் என்று பேரிட்டார்கள். முக்கால் பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு. அன்று தோரியத்துக்கு அணுசக்திப் பெருமையெல்லாம் கிடையாது. அதன் வேலை விளக்கு எரிப்பது. பெற்றோமக்ஸ் விளக்கில் கட்டும் மாண்டில் இருக்கிறதே, சின்னப் பஞ்சுப் பை மாதிரி, தொட்டால் உதிர்ந்துவிடும், அது பளீரென்று எரிவதற்கு அதில் தோய்த்த தோரியந்தான் காரணம். ஐரோப்பாவின் தெருக்களெல்லாம் காஸ் விளக்கில் எரிந்த காலம். கனிம அளவைக்குக் கிராக்கி வந்தது.

ஆனால் ஆளை அந்தக் கல் பிடித்து வைக்கவில்லை. கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாக நடந்தவர் பலாங்கொடைப் பக்கம் உருக்குக் காய்ச்சுகிறவர்களைக் கண்டார். தொழில் தெரிந்தவர்கள் அப்போதே விரல்விட்டு எண்ணும் தொகை. அதன் பிறகு அவர் கண் கல்லில் நிற்கவில்லை: கொல்லன், தச்சன், பாய் முடைகிறவள், விகாரைச் சுவரில் சித்திரம் எழுதுகிறவன். 1905இல் உள்ளூர்க் கனவான்களின் காற்சட்டையைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் போட்டார். 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் இலங்கைப் புவியியலுக்காக அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது, அதே வேகத்தில் அவர் புவியியலை விட்டார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரும் நூலைத் தமது மேற்பார்வையில் அச்சிட்டார், மொத்தம் 425 பிரதி. தாது தேட அனுப்பிய ஆள் நாலைந்து ஆண்டில் கைவினைஞர்களின் வழக்கறிஞனாகத் திரும்பி வந்தால் மேலதிகாரிகளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. என் மதிப்பில் இலங்கைக் கனிம அளவை கண்டெடுத்தவற்றில் பெரியது அந்த 425 பிரதிதான். வரவுசெலவுத் திட்டத்தில் அதை எந்தத் தலைப்பின் கீழ் போட்டார்களோ.

அவர் கண்ட உருக்குக்காரர்களின் முன்னோர் என்ன செய்தார்கள் என்பது 1990களில் வெளிச்சத்துக்கு வந்தது. கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் சமனலவெவ மலைச்சரிவுகளில் மேற்கே பார்த்த உலைகளை வரிசை வரிசையாகக் கண்டார். துருத்தி இல்லை. சோளகக் காற்று மலையில் மோதும் வேகத்தையே உலைக்கு ஊதவிட்டு, ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே தரமான உருக்கு எடுத்திருக்கிறார்கள். அதே மாதிரி உலை கட்டிச் சோதித்துப் பார்த்து 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்தக் காற்றுதான் எத்தாளையையும் அடிக்கிறது, ஒரு துளி குறையாமல். அங்கே உருக்கு வடித்தது. இங்கே தென்னோலையைக் கிழித்தது, கண்ணில் மண்ணைத் தூவியது. இன்று கற்பிட்டிக் களப்பில் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு பறக்கிறார்கள், மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றுக்குத் தாமதமாகத்தான் வேலை கிடைத்தது.

புவியியலாளர் விஜயனுக்குச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய பளிங்குருப் பாறை. அதைக் கூறுபோட்டபோது ஒரு கூட்டத்துக்கு விஜயன் தொகுதி என்று பேர் வைத்தார்கள். கிழக்கே ஒரு விஜயன், மேற்கே ஒரு விஜயன். மேற்கில் கால் வைத்தவனுக்கு மேற்கிலும் கொஞ்சம் நிலம் இருந்தது, நியாயந்தானே. பின்பு பாறைகளின் வயதை அளக்கும் நுட்பம் வந்தது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல என்று கண்டு, மேற்கிலிருந்ததை வன்னித் தொகுதி என்று மாற்றிவிட்டார்கள். இப்போது விஜயன் தொகுதி முழுவதும் கிழக்கே. கரையிறங்கிய பக்கத்தில் ஆளுக்கு ஓர் அடி நிலமில்லை. போதாக்குறைக்குச் செருவிலச் செம்பு கிடப்பது அந்தக் கிழக்கு விஜயனின் எல்லையோரம். செம்பு கடைசியில் அவன் பேருக்கே எழுதப்பட்டது. அவன்தான் மாறி இறங்கிவிட்டான். நுரைச்சோலையில் கட்டிய அனல் மின்நிலையத்துக்கு லக்விஜய என்று பேர் வைத்து மேற்கில் அவனுக்கு ஓர் இடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது அரசாங்கம். எரிக்கும் கரியும் அவனைப் போலவே கப்பலில்தான் வருகிறது.

புத்தளம் மாவட்டத்துக்கு உலோகமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சிலாபத்துக்குக் கிழக்கே பனிரெண்டாவவில் தென்னந்தோட்டத்துக்கு அடியில் காந்த இரும்பு கிடக்கிறது. மேலே கல்லுமில்லை, நிறமுமில்லை. கையை ஊன்றினால் தென்னம்பாளைத் தூசுதான் ஒட்டும். காந்த அளவீட்டுக் கருவியின் முள் ஆடியதை வைத்து 1960களில் துளைபோட்டுக் கண்டார்கள். 56 இலட்சம் தொன் இருக்கும் என்பது கணக்கு. கேட்க இனிமையான தொகை. உலகின் பெரிய இரும்புச் சுரங்கம் ஒன்று அதைச் சில வாரங்களில் அள்ளி முடித்துவிடும். ஆகவே இரும்பு கீழேயே இருக்கிறது, மேலே தேங்காய் பறிக்கிறார்கள்.

இன்னும் கண்டுபிடிக்காத தாதுவை மதிப்பிடுவதற்கு இன்று முறை உண்டு. அமெரிக்கப் புவியியல் அளவையைச் சேர்ந்த டொனால்ட் சிங்கரும் கூட்டாளிகளும் 1970களிலிருந்து செப்பனிட்டது. முதலில், எந்தப் பாறை எந்த உலோகத்தை வைத்திருக்கக்கூடும் என்று பார்த்து வரைபடத்தில் எல்லை கீறுவார்கள். பிறகு, உலகெங்கும் தெரிந்த அதே சாதிப் படிவுகள் எத்தனை தொன், எத்தனை சதவீதம் என்று அட்டவணை எடுப்பார்கள். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். நிபுணர்கள் சிலரை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஆளாளுக்குக் கேட்பார்கள்: இந்த எல்லைக்குள், யார் கண்ணிலும் படாத படிவு ஆகக் குறைந்தது எத்தனை இருக்கும்? தொண்ணூறு சதவீத உறுதியோடு சொல். ஐம்பதோடு சொல். பத்தோடு சொல். விடைகளைச் சேர்த்துக் கணினியில் போட்டு ஆயிரக்கணக்கான தடவை பகடை உருட்டினால் ஒரு தொகை வரும்.

வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவரிடம் இந்தத் தொண்ணூறு, ஐம்பது, பத்து கிடையாது. அவருக்கு எப்போதும் நூறுதான். தெரியாததைத் தெரியாது என்று அளவு போட்டுச் சொன்ன முதல் கூட்டம் இது. அதனாலேயே இவர்களுக்கு அரசியல்வாதிகளிடம் மதிப்பில்லை. பத்து சதவீதம் என்று எழுதியதை மேடையில் வாசிக்கும்போது சதவீதம் உதிர்ந்து பத்து மட்டும் நிற்கும்.

எத்தாளைக்கு அந்த மேசையில் ஒரு நிமிடங்கூடக் கிடைக்காது. மேலே சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள கடல் மணல், கீழே சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே எங்கோ பழைய பாறை. எல்லை கீறும்போதே கோடு புத்தளத்தோடு திரும்பிவிடும். ஆனால் மணலை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் முடியாது. கச்சான் காற்று ஓய்ந்ததும் கரையில் சில இடங்களில் கறுப்பாக ஒரு கீற்று ஓடியிருக்கும். பழைய ரேடியோ ஒலிபெருக்கியின் காந்தத்தை அதில் இழுத்தால் கறுப்புப் பொடி மீசையாக நட்டுக்கொண்டு நிற்கும். அது காந்த இரும்பு. ஒட்டாமல் பின்தங்கும் கறுப்பில் இல்மனைட் இருக்கும், செந்நிறமாக மினுங்குவது கருங்கற் பாறையிலிருந்து வந்த கார்னட். கடல் இலேசானதை எடுத்துக்கொண்டு கனமானதை விட்டுப்போகிறது. இதே வேலையைக் கடல் புல்மோட்டையில் பெரிய அளவில் செய்ததால் அங்கே கனிய மணல் கூட்டுத்தாபனமும் தொழிற்சாலையும் வந்தன. கறுப்பு மணலிலிருந்து எடுப்பது வெள்ளைப் பெயின்ட்டுக்குப் போடும் பொடி என்பதைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை.

மணலின் மதிப்பு எப்படி ஏறியது என்பதற்கு நாகர்கோவில் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தும்புக் கயிற்றில் மணல் ஒட்டிக்கொண்டு போயிற்று. வாங்கிய கம்பனிகளுக்கு அது அழுக்கு. ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் அந்த அழுக்கில் மொனசைட்டைக் கண்டார்; அதிலும் அதே மாண்டில் தோரியம். 1909இல் மூலத்தைத் தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார். ஒழுங்காகக் கயிறு உதறியிருந்தால் கன்னியாகுமரிக் கரைக்கு அந்த ஆலை அத்தனை சீக்கிரம் வந்திருக்காது. அப்போது அவர்கள் மொனசைட்டை எடுத்துக்கொண்டு குப்பையாக ஒதுக்கியது இல்மனைட். விளக்கு மாறியது, பெயின்ட் வந்தது, குப்பை சரக்காயிற்று. இப்போது மன்னார்த் தீவில் அந்தக் குப்பைக்காகவே வெளிநாட்டுக் கம்பனி துளைபோட்டுப் பார்த்திருக்கிறது. தீவே கடல் மட்டத்தோடு கிடக்கிறது, மணலை எடுத்தால் நாங்கள் எங்கே நிற்பது என்று சனம் வீதியில் இறங்கியிருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட பிறகு எத்தாளை மணலில் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலையாக இருப்பதில்லை.

துளை என்றால் எத்தாளையிலும் பஞ்சமில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் கிணறும் குழாய்க் கிணறும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மரக்கறிக்கும் விடிந்தால் தண்ணீர் இறைக்க வேண்டும். எந்தக் கம்பனியும் இவ்வளவு நெருக்கமாகத் துளைபோட்டிருக்காது. முடிவுகள்: மணல், சிப்பி, மணல், நல்ல தண்ணீர், இன்னும் ஆழமாகப் போனால் உப்புத் தண்ணீர். அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் அந்தத் தண்ணீரில் புதிதாக ஒன்றைக் கண்டார்கள்: நைத்திரேட்டு. அது நாமே மூட்டை மூட்டையாகப் போட்ட உரத்தின் படிவு.

செம்பு? அதுவும் உண்டு. தண்ணீர் இறைக்கும் மோட்டருக்குள் சுருள் சுருளாகக் கிடக்கிறது. தாதுவில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு இருந்தாலே உலகம் மலையைக் குடைகிறது. மோட்டருக்குள் இருப்பது ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. இதைப் பழைய இரும்பு வாங்க வருகிறவரைவிட யாரும் நன்றாக அறியமாட்டார்கள். திரீவீலை வேலியோரம் நிறுத்திவிட்டு, எரிந்துபோன மோட்டரைக் காலால் புரட்டிப் பார்ப்பார்.

"நானா, இதில ரெண்டு கிலோ செம்பு இருக்கும்" என்று வீட்டுக்காரர் ஆரம்பிப்பார்.

அவர் பேசமாட்டார். மூடியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, செக்கச்சிவந்த கம்பியில் ஓரிடத்தைச் சுரண்டுவார். உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

"அலுமினியம் தம்பி. மேல பூசின வார்னிஷ்தான் செம்பு. இரும்பு விலைக்குத் தாறீங்களா, போகட்டா?"